சுவரிலிருந்து முப்பதடி

கதவிலிருந்து கையை எடுங்கள் சார். மெதுவாக. இழுக்க வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அப்படியே விட்டுவிடுங்கள், அது தானாக மூடிக்கொள்ளும். முன்பெல்லாம் மூடிக்கொள்ளும். இப்போது நான்கு விரல் இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. நிற்கட்டும்.

இப்படி வாருங்கள். இந்த பெஞ்சில் உட்காருங்கள். அந்த முனை வேண்டாம், என் பக்கத்தில், இந்த முனை. டிக்கெட் வாங்கிவிட்டேனே என்கிறீர்கள். வாங்கியிருப்பீர்கள். டிக்கெட் கொடுக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்கூடத்தில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது? ஏழு கல்வெட்டு, இரண்டு நடுகல், பெட்டி பெட்டியாகப் பானை ஓடு. முன்கூடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, முழுசாக. அதைப் பாருங்கள். கல்வெட்டுத்தான் பார்க்க வேண்டுமா? எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? அவ்வளவு தூரமா.

உங்களைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் விஜிலன்ஸ் அதிகாரியோ என்று நினைத்துவிட்டேன். கையில் நோட்டு, மூக்குக் கண்ணாடி. பிறகு செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்து ஊக்குக் குத்தியிருக்கிறது. அவர்கள் ஷூ போட்டுத்தான் வருவார்கள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

என் பெயர் ஞானசிகாமணி. மியூசியத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்புகிறதே, அதற்கு நான்தான் இன்ஜினியர். அரசாங்கத்தின் இன்ஜினியர். காண்ட்ராக்டருடைய ஆள் வேறு. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ஓய்வு. இன்னும் பதினொரு நாள். பதினொரு நாளும் இந்த பெஞ்சில்தான் உட்காரப் போகிறேன்.

மற்றவர்களிடம் உள்ளே பெயிண்ட் அடிக்கிறார்கள் என்பேன், இல்லையென்றால் சுவரில் கரண்ட் அடிக்கிறது என்பேன். போய்விடுவார்கள். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வெளியூர். நாலரை பஸ்ஸில் போய்விடுவீர்கள். உள்ளூரில் ஒருவரிடம் சொன்னால் மறுநாள் பேப்பரில் வரும். வீட்டில் சொன்னால் அவள் தன் தம்பியிடம் சொல்வாள், அவன் ஊர் முழுக்கச் சொல்வான். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஆறு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சுவர் நகர்கிறது சார்.

பின்கூடத்தின் பின்சுவர். இங்கிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தாலும் இப்போது தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது முதலில் மியூசியம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு இலாகாவின் கிட்டங்கி. உப்பு மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. நூற்றைம்பது வருஷம். சுவர் இரண்டரை அடி அகலம், இருபத்திரண்டு அடி உயரம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். அஸ்திவாரம் எவ்வளவு தெரியுமா? மூன்றடி. தோண்டிப் பார்த்த அன்றைக்கு மூன்று தடவை டேப் வைத்து அளந்தேன். மூன்றடிக்குக் கீழே வெறும் கடற்கரை மணல். அதை ஒட்டி நாங்கள் பத்தடிப் பள்ளம் எடுக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் மற்றதெல்லாம் எழும்பிவிட்டது, பாக்கி இந்த ஓரத்தில் வெண்கலச் சிலைகளுக்கு ஒரு நிலவறை.

நான் பயந்தவன் சார். முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் நான் கட்டிய கட்டடம் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. அதற்குக் காரணம் அறிவு இல்லை, பயம். பயப்படுகிற இன்ஜினியர்தான் நல்ல இன்ஜினியர் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். காண்ட்ராக்டரின் ஆள் ஜெபசிங் என்னைக் கேலி செய்வான். சார் மாடிப்படி இறங்க வேண்டுமென்றாலும் முதலில் ஒரு ஆளை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார் என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தப் பள்ளத்தை ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. ஐந்தடி நீளத்துக்குத் தோண்ட வேண்டும். சுவருக்கு அடியில் கான்கிரீட் போட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். அது இறுகிய பிறகு பத்தடி தள்ளி அடுத்த ஐந்தடி. அப்படித்தான் வரைபடத்தில் இருக்கிறது. அப்படித்தான் ஆரம்பித்தோம்.

அதோடும் நான் விடவில்லை. சுவரின் உட்பக்கத்தில் மயிரிழை மாதிரி பழைய விரிசல்கள் இருந்தன. பதினாலு இடத்தில் கண்ணாடிப் பட்டை ஒட்டினேன். விரல் அகலம், ஒரு சாண் நீளம். விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பதித்துவிடுவோம். மேலே நம்பர், தேதி. சுவர் ஒரு நூல் அளவு அசைந்தால்கூடக் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். உடைந்தால் வேலையை அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். இப்போது இதற்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. ஆனால் கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்களுக்கு முந்திய ஆட்கள் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே சத்தம் கேட்கிறதா? பயப்படாதீர்கள். அது செண்பகவல்லி. கூட்டித் துடைக்கிறவள். ஏழு வருஷமாக இங்கே தற்காலிகம். நிரந்தரமாக்குவார்கள் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடி ஒட்டிய அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன். நான் யாரையும் அதட்டுகிற ஆள் இல்லை, சைட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் இது முக்கியம் இல்லையா. "இந்தா, இது ஒவ்வொண்ணும் கவர்மெண்ட் கருவி. ஒண்ணு உடைஞ்சாலும் உன்னை வேலையை விட்டுத் தூக்கிருவேன். போலீஸ்லயும் எழுதிக் குடுத்துருவேன்" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். அவள் ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். எதற்காக ஒட்டுகிறோம் என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

தினமும் பத்து மணிக்கு வருவேன். முதல் வேலை, உள்ளே போய் பதினாலு கண்ணாடியையும் பார்ப்பது. ஒன்றும் உடைந்திருக்காது. நோட்டில் 'அசைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆடியில் ஆரம்பித்தது, ஆவணி போயிற்று, புரட்டாசி வந்தது. அசைவு இல்லை, அசைவு இல்லை, அசைவு இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெள்ளைக்காரன் கட்டியது சும்மா இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்ததும் ஜெபசிங் வந்தான். "சார், ஐப்பசி வந்தா இந்தப் பள்ளம் பூரா குளந்தான். இப்படி அஞ்சடி அஞ்சடியா நோண்டிக்கிட்டு இருந்தா நீங்க ரிட்டயர் ஆகி, நானும் ரிட்டயர் ஆகிருவேன். மிச்சம் நாப்பதடியையும் ஒரே மூச்சுல எடுத்துக் கான்கிரீட் போட்டுட்டா ஒம்பது நாள்ல முடிச்சிருவேன்" என்றான். நான் முடியாது என்றேன். உண்மையாகவே முடியாது என்றுதான் சொன்னேன். அவன் நேராக ஈ.ஈ.யிடம் போய்விட்டான். ஈ.ஈ. என்றால் எனக்கு மேலே இருக்கிற செயற்பொறியாளர், தியாகசுந்தரம். என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். அவர் போனில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கண்ணாடி என்ன சொல்கிறது? பதினாலும் முழுசாக இருக்கிறது சார் என்றேன். அப்புறம் என்ன தயக்கம், பார்த்துச் செய்யுங்கள் என்றார்.

பார்த்துச் செய்யுங்கள். நீங்கள் எந்த ஆபீஸில் வேலை பார்த்தீர்களோ தெரியாது. எங்கள் ஆபீஸில் அதற்கு மேல் ஒரு உத்தரவு கிடையாது.

நாற்பதடியையும் திறந்தார்கள். அந்த ஒன்பது நாள் நான் வீட்டில் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். போன் வந்தால் ஓட வேண்டுமே. போன் வரவில்லை. ஒவ்வொரு காலையும் உள்ளே போவேன். கண்ணாடி பதினாலும் பளிச்சென்று இருக்கும். துடைத்துவைத்த மாதிரி. கான்கிரீட் போட்டு முடித்தார்கள். தொண்ணூறு நாள் கவனித்ததில் சுவரில் எந்த அசைவும் இல்லை என்று சான்று எழுதி மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டேன். அதை வைத்துத்தான் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி திறப்பு விழா வைத்திருக்கிறார்கள். பின்சுவரில் வாசல் வெட்டி, பழைய கூடத்திலிருந்து புதுக் கூடத்துக்கு எல்லாரும் நடந்து போவதாகத் திட்டம்.

போன புதன்கிழமை எறும்பைப் பார்த்தேன்.

ஆறாம் நம்பர் கண்ணாடி. தரையிலிருந்து ஒரே வரிசை, செங்கோடு போட்ட மாதிரி, சுவரில் ஏறி அந்தக் கண்ணாடியின் வலது முனைக்குப் போகிறது. இடது முனையிலிருந்து இன்னொரு வரிசை இறங்குகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எறும்புக்கு என்ன வேலை? கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரலை வைத்துத் தொட்டேன். கண்ணாடி வழுக்கியது சார். நனைந்த உறையில் தபால்தலை நகருமே, அப்படி நகர்ந்தது. நகத்தால் கீறி மோந்து பார்த்தேன். மைதாப் பசை.

செண்பகவல்லியைக் கூப்பிட்டேன். நான் கத்தவில்லை. அவள் என் விரலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேணும்னு உடைக்கல சார். ஒட்டடைக் கம்பு பட்டிருக்கும்னு நெனச்சேன்."

எத்தனை என்று கேட்டேன்.

"ஒம்பது சார்."

"ஒம்பது தடவையுமா கம்பு படும்?"

"ஒம்பது தடவையும் எங் கைதான்னு நெனச்சேன் சார்."

ஆடிக் கடைசியில் ஒரு காலை, ஏழு மணிக்குக் கூட்ட வந்தபோது ஆறாம் நம்பர் இரண்டாக உடைந்து கிடந்திருக்கிறது. முந்தின சாயங்காலம் அவள் அந்தச் சுவரில் ஒட்டடை அடித்திருக்கிறாள். நான் சொன்னது ஞாபகம் வந்ததாம். ஒரு மணி நேரம் கழிவறையில் நின்று அழுதிருக்கிறாள். பிறகு ஓடிப் போய், முக்குக் கடையில் படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரிடம் அதே அளவில் வெட்டி வாங்கி வந்து ஒட்டிவிட்டாள். அவள் புருஷன் போஸ்டர் ஒட்டுகிறவன், வீட்டில் எப்போதும் பசை இருக்கும், பார்வைக்கு அதுவும் என் பிளாஸ்டர் மாதிரியே வெள்ளை. நம்பரையும் தேதியையும் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறாள். நான் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டைக்கூட விடவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவள்.

மற்ற எட்டும் எப்போது என்றேன். புரட்டாசியில், ஒரே வாரத்தில், தினம் ஒன்று, ஒரு நாள் இரண்டு என்றாள். நாற்பதடி திறந்து கிடந்த வாரம். தன் கைக்கு ஏதோ நடுக்க வியாதி வந்துவிட்டது என்று நினைத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அவர்கள் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போதும் சாப்பிடுகிறாளாம். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டினாள். உள்ளே துணியில் சுற்றி மூன்று கண்ணாடிப் பட்டை. முன்னேற்பாடாக.

என் பிளாஸ்டர் கல் மாதிரி இறுகும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்தே தீர வேண்டும். மைதாப் பசை அப்படி இல்லை. கடற்காற்றின் ஈரத்தில் இளகிக்கொண்டே இருக்கும். சுவர் எவ்வளவு தூரம் போனாலும் கண்ணாடி கூடவே வழுக்கிக்கொண்டு போகும், உடையாது. அவள் மாற்றி ஒட்டிய ஒரு கண்ணாடிகூட மறுபடி உடையவில்லை. அந்தப் பசையை வைத்து அவள் சுவரின் வாயைக் கட்டிவிட்டாள் சார். விவரம் தெரியாமல் செய்த ஒரு வேலை என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள்.

ஆறாம் நம்பரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஆடியில் மயிரிழை. இப்போது என் சுண்டுவிரல் முதல் கணு வரைக்கும் போகிறது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொன்னேன். நானும் சொல்ல மாட்டேன், உன் வேலைக்கு ஒன்றும் வராது என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அன்றைக்கிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு எனக்கு டீ வாங்கி வருகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. வேறு ஒருவராக இருந்தால் அவளை அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். நான் செய்யவில்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

ஈ.ஈ.யிடம் பேசினேன். பேசாமல் இருக்கவில்லை. பின்சுவரில் கொஞ்சம் அசைவு இருக்கும்போல் தோன்றுகிறது என்றேன்.

"உங்களுக்கு என்னிக்கு ரிட்டயர்மெண்ட்?" என்றார்.

"முப்பத்தொண்ணு சார்."

"எழுத்துல குடுத்தீங்கன்னா நான் நடவடிக்கை எடுக்காம இருக்க முடியாது. அந்தச் சான்று உங்க கையெழுத்து. யோசிச்சுக்கிடுங்க. நல்லபடியா வீடு போய்ச் சேருங்க."

நல்ல மனுஷன்தான். மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

உங்களுக்குக் கோதண்டத்தைத் தெரியாது. என்னோடு ஒரே ஆபீஸில் இருந்தவன். கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் கூடி மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, ஒருவர் வாழ்த்துரை படித்துக்கொண்டிருந்தார். மணி ஐந்துக்கு ஐந்து நிமிஷம். ஜீப்பில் ஒருவர் வந்து கவர் கொடுத்தார். ஓய்வு பெற அனுமதி இல்லை, தற்காலிகப் பணிநீக்கம். பதினைந்து வருஷத்துக்கு முன் கட்டிய ஏதோ பாலத்தில் ஏதோ புகார். மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கழுத்தில் மாலையோடுதான் கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினான். வாழ்த்துரை படித்தவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நானும் அங்கே இருந்தேன். போண்டா வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவன் விசாரணைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அது முடிவதற்குள் அவன் முடிந்துவிட்டான்.

இப்போது கண்ணை மூடினால் அந்தச் சம்பங்கி மாலைதான் வருகிறது. சுவர் வருவதில்லை. பகலில்தான் சுவர் வருகிறது.

கூடத்தை மூடச் சொல்லலாமே என்கிறீர்கள். மூட வேண்டுமென்றால் காப்பாட்சியர் அம்மாவுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், வருவதற்குப் பத்து நாள் ஆகும். போவதற்கு முன் அவரே என்னைக் கேட்டார், பழைய கூடத்தைத் திறந்து வைத்திருப்பதில் பயம் ஒன்றும் இல்லையே என்று. இல்லை மேடம் என்றேன். அன்றைக்கு எனக்கே தெரியாது. பொய் சொன்னதாக ஆகாது.

அதனால்தான் இந்த பெஞ்ச். இதை நானே இழுத்துப் போட்டேன். இங்கிருந்து அந்தச் சுவர் முப்பதடி. சுவரின் உயரம் இருபத்திரண்டு. அப்படியே மல்லாந்தாலும் எட்டடி மிச்சம். இந்த நடைக்குக் கூரை தனி, அதன் பாரம் இந்தச் சுவர்மேல்தான், அந்தச் சுவரில் இல்லை. அளந்து பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சைட் ஆபீஸையும் பின்பக்கத்திலிருந்து மாற்றிவிட்டேன். மேஜை, பீரோ, பைல் எல்லாம் இப்போது வாசல் பக்கம். ஆறு நாளில் இந்தக் கதவிலிருந்து முப்பத்தெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்களோடு முப்பத்தொன்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்க்காமல். வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூடம் வந்தது, எண்பத்துநாலு பிள்ளைகள். பெயிண்ட் என்றால் டீச்சர் கேட்கவில்லை, பார்த்துக் கூட்டிப்போகிறேன் என்றார். பாம்பு இருக்கிறது என்றேன். வாய்க்கு வந்துவிட்டது. இரண்டு நிமிஷத்தில் எண்பத்துநாலு பேரும் திமிங்கிலத்துக்குப் பக்கத்தில்.

ஆனால் பாம்பு என்றால் அது ஆபீஸுக்குப் போய்விட்டது. அவர்கள் தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் நாலு பேர், கையில் நீளக் கம்பு, உள்ளே போய்விட்டார்கள். சுவர் ஓரமாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். டொக், டொக், டொக். நான் இந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தட்டாதீர்கள் என்று சொல்ல முடியுமா? ஏன் என்பார்கள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்பது நிமிஷம். அவர்களில் ஒருவர் வெளியே வந்து, "சார், அங்கன ஒரு இடுக்கு இருக்கு. பாம்பு அதுலதான் போயிருக்கும். பெரிய பாம்பே உள்ள போயிட்டுத் திரும்பி வந்துரும், அவ்வளவு அகலம். அடைச்சிருங்க" என்றார். சரி என்றேன். எழுதி வேறு கொடுத்துவிட்டுப் போனார்கள், பாம்பு இல்லை, இடுக்கை அடைக்கவும் என்று. ஆபீஸில் அதை ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டார்கள். அடைக்காமல் விட முடியாது.

செண்பகவல்லிதான் அடைத்தாள். பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, மேலே பசை தடவி, அதன்மேல் சுண்ணாம்பு. கைவேலை சுத்தம் அவளுக்கு. இப்போது நீங்கள் கிட்டே நின்று பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

ஒருவேளை நின்றிருக்கும் சார். அடியில் கான்கிரீட் இறுகிவிட்டது. போனது போய், இப்போது ஆடாமல் நின்றிருக்கலாம். சுவர்கள் அப்படி நிற்பதுண்டு. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் புதுக் கண்ணாடி ஒன்று ஒட்டிப் பார்க்கலாம், என் பிளாஸ்டரில். ஒரு ராத்திரி போதும், சொல்லிவிடும். டப்பாவில் பிளாஸ்டர் இருக்கிறது, அவளிடம் கண்ணாடி இருக்கிறது. ஒட்டவில்லை. ஒட்டி, காலையில் அது உடைந்து கிடந்தால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? இப்போது எனக்குச் சந்தேகம்தான். அப்போது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அது குற்றம்.

மணி என்ன? மூன்றே முக்காலா. உங்கள் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. மேகம் கட்டியிருக்கிறது, பார்த்தீர்களா. மழை வந்தால் மணல் என்ன செய்யும் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அவளா? அவள் போய்த்தானே ஆக வேண்டும். துடைக்காமல் விட்டால் பெட்டிகளின் மேல் காரைப் பொடி படிகிறது. சாயங்காலம் பூட்ட வருகிற வாட்ச்மேன் பார்த்தால் எங்கிருந்து உதிர்கிறது என்று கேட்பான். முன்பு ஒரு நாளைக்கு ஒரு தடவை துடைப்பாள். நேற்று இரண்டு. இன்றைக்கு இது மூன்றாவது. ஆனால் வெகுநேரம் உள்ளே இருப்பதில்லை, ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், அவ்வளவுதான். சுவர் நகர்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள். பயத்தோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

கேட்டீர்களா? இப்போது. ஏதோ விழுந்த மாதிரி.

உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள். இங்கே ஒன்றும் வராது, முப்பதடி.

இதோ அவளே வந்துவிட்டாள். என்னம்மா சத்தம்? ஒரு கல்லா? எவ்வளவு பெரிசு? பாதிச் செங்கல். பெட்டிமேல் விழவில்லையே? எங்கே, உன் பக்கத்திலா. சரி. அதை எடுத்து அந்தக் கதவுக்குப் பின்னால் மறைவாக வை. தூசி இருக்கிறதா? அதையும் துடைத்துவிடு. ஆமாம், இன்னொரு தரம். தண்ணியை மாற்றிக்கொண்டு வா, பால் மாதிரி இருக்கிறது பார்.

நல்ல வேளை. பெட்டிக் கண்ணாடி உடைந்திருந்தால் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும். என் கை நடுங்குகிறது, பார்க்கிறீர்களா. தினமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான். அவள் மாத்திரையில் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் போகும்போது வாசலில் யாராவது கேட்டால் பெயிண்ட் என்று சொல்லுங்கள். அந்தக் கல்வெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது கல். எது விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. திறப்பு விழா முடிந்த பிறகு ஒரு நாள் வாருங்கள். அப்போது இங்கே வேறு யாராவது இருப்பார்கள், நான் இருக்க மாட்டேன்.

காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள் சார், நடை குறுகல். அவள் வாளியோடு உள்ளே போக வேண்டும். இன்னும் கொஞ்சம். ஆங், போதும்.

போம்மா.